இந்தியாவில் வணிகக்குறிப் பதிவு

வணிகக்குறி என்பது ஒருவர் விற்கும் பொருளையோ வழங்கும் சேவையையோ பிறருடைய பொருள்களிலிருந்தும் சேவைகளிலிருந்தும் வேறுபடுத்திக் காட்டும் பெயர், சொல், எழுத்து, எண், படம், சின்னம் அல்லது இவற்றின் சேர்க்கை ஆகும். இது வணிகச் சின்னம், வர்த்தக முத்திரை எனவும், பேச்சு வழக்கில் டிரேடு மார்க் எனவும் அழைக்கப்படுகிறது. காப்புரிமம், பதிப்புரிமை, வடிவமைப்புரிமை, புவிசார் குறியீடு ஆகியவற்றைப் போல இதுவும் அறிவுசார் சொத்துரிமைகளில் ஒன்றாகும்.

இந்தியாவில் வணிகக்குறிகளைப் பதிவு செய்வதும் பாதுகாப்பதும் வணிகக்குறிகள் சட்டம், 1999 இன் கீழ் நடைபெறுகின்றன. இச்சட்டம் 2003 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. பதிவு செய்வது கட்டாயம் அன்று. எனினும் பதிவு செய்த குறியின் உரிமையாளருக்கு மட்டுமே அக்குறியை மீறியவர் மீது மீறல் வழக்குத் தொடரும் உரிமையை இச்சட்டம் வழங்குகிறது. பதிவு செய்யாத குறிக்கும் வேறு வழியில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. அது கீழே தனியாக விளக்கப்பட்டுள்ளது.

வணிகக்குறியின் பயன்

வணிகக்குறி இரு தரப்பினருக்குப் பயன்படுகிறது. வாங்குபவர் முன்பு வாங்கி நிறைவடைந்த அதே பொருளை மீண்டும் அடையாளம் கண்டு வாங்குவதற்கு அது உதவுகிறது. விற்பவருக்கோ பல ஆண்டுகளாகத் தரத்தைக் காத்து ஈட்டிய நற்பெயர் அக்குறியில் தங்கியிருக்கிறது. கடையின் கட்டடம், இயந்திரம், இருப்புச் சரக்கு ஆகியவற்றைப் போலவே குறியும் ஒரு சொத்து ஆகும். அதனை விற்கலாம், உரிமையைப் பிறருக்கு மாற்றிக் கொடுக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்த உரிமம் வழங்கலாம், வாரிசுகளுக்கு விட்டுச் செல்லலாம்.

ஒரு குறியைப் பிறர் போலியாகப் பயன்படுத்தும்போது உரிமையாளர் விற்பனையை இழக்கிறார், வாங்குபவர் ஏமாறுகிறார். மருந்து, உணவு போன்றவற்றில் இவ்வேமாற்றம் உடல்நலத்துக்கே தீங்காக முடியலாம்.

வரலாறு

செய்தவர் யார் என்பதைப் பொருளின் மீதே பொறிக்கும் வழக்கம் மிகப் பழமையானது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945 இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் இத்தாலியின் அரெத்சோ நகரில் செய்யப்பட்ட செந்நிற மட்கலங்களின் உடைசல்கள் கிடைத்தன. அவற்றுள் சிலவற்றில் அவற்றைச் செய்த குயவர் பட்டறைகளின் முத்திரைகள் காணப்படுகின்றன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முத்திரையிட்ட பொருள்கள் கடல் கடந்து தமிழ்நாட்டுக் கரைக்கு வந்தமைக்கு இவை சான்றாகும்.

தற்கால வணிகக்குறிப் பதிவு முறை 19 ஆம் நூற்றாண்டில் உருவானது. பிரான்சு 1857 இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. பிரித்தானியாவில் 1875 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 1876 சனவரி 1 அன்று பதிவேடு திறக்கப்பட்டபோது, பாசு என்ற மதுவடிப்பு நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம் முதலாவது குறியாகப் பதிவாயிற்று.

இந்தியாவில் 1940 வரை வணிகக்குறிப் பதிவுக்கெனத் தனிச் சட்டம் இருக்கவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் சில பிரிவுகளும், 1889 ஆம் ஆண்டின் வணிகப் பொருட்குறிகள் சட்டமும், ஆங்கிலேயப் பொதுச் சட்டக் கோட்பாடுகளுமே பயன்பட்டன. பின்னர் இயற்றப்பட்ட சட்டங்கள் வருமாறு:

- வணிகக்குறிகள் சட்டம், 1940: நாட்டில் முதன்முறையாகப் பதிவகத்தை ஏற்படுத்தியது.
- வணிகம் மற்றும் வணிகப் பொருட்குறிகள் சட்டம், 1958: சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். இராசகோபால ஐயங்கார் 1955 இல் அளித்த அறிக்கையை ஒட்டி உருவானது.
- வணிகக்குறிகள் சட்டம், 1999: உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்பாட்டுக்கு ஏற்ப இயற்றப்பட்டது. சேவைகளுக்கான குறிகளைப் பதிவு செய்ய இச்சட்டமே முதன்முதலாக வழிசெய்தது.

1999 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2002 இல் வகுக்கப்பட்ட விதிகளுக்கு மாற்றாக வணிகக்குறிகள் விதிகள், 2017 அதே ஆண்டு மார்ச் 6 முதல் நடைமுறைக்கு வந்தன. முன்பு இருந்த 74 படிவங்கள் இவ்விதிகளால் 8 ஆகக் குறைக்கப்பட்டன.

நிருவாகம்

வணிகக்குறிப் பதிவகம், இந்திய நடுவண் அரசின் வணிகம் மற்றும் தொழில்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் காப்புரிமங்கள், வடிவமைப்புகள், வணிகக்குறிகளின் தலைமைக் கட்டுப்பாட்டாளரின் பொறுப்பில் உள்ளது. தலைமை அலுவலகம் மும்பையில் அமைந்துள்ளது. அகமதாபாது, கொல்கத்தா, சென்னை, தில்லி ஆகிய நகரங்களில் கிளைகள் உள்ளன. சென்னைக் கிளை கிண்டியில் இயங்குகிறது. தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கருநாடகம், ஆந்திரப் பிரதேசம், தெலங்காணா ஆகியவற்றைச் சேர்ந்த விண்ணப்பங்கள் இங்குக் கையாளப்படுகின்றன. விண்ணப்பதாரரின் முதன்மை வணிக இடம் எந்தக் கிளையின் எல்லைக்குள் வருகிறதோ அக்கிளையே அவருக்கு உரிய அலுவலகம் ஆகும்.

பதிவாளரின் முடிவுகளுக்கு எதிரான மேல்முறையீடுகளை 2003 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் விசாரித்து வந்தது. 2021 ஏப்ரலில் இவ்வாரியம் கலைக்கப்பட்டு, அதன் அதிகாரங்கள் உயர் நீதிமன்றங்களுக்கு மாற்றப்பட்டன. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 இல் அறிவுசார் சொத்துரிமைக்கெனத் தனிப் பிரிவு ஏற்படுத்தப்பட்டது.

குறிகளின் வகைகள்

- சொற்குறி: எழுத்து வடிவம், நிறம் ஆகியவற்றைச் சாராத சொல் அல்லது பெயர். சொல்லுக்கே உரிமை கிடைப்பதால் இதன் பாதுகாப்பு விரிவானது.
- படக்குறி: ஓவியம், இலச்சினை, சிறப்பான எழுத்தமைப்பு ஆகியவை.
- வடிவக்குறி: பொருளின் அல்லது பொதியின் வடிவம். பொருளின் இயல்பினாலோ தொழில்நுட்பத் தேவையினாலோ அமையும் வடிவத்தைப் பதிவு செய்ய இயலாது.
- நிறச்சேர்க்கைக் குறி.
- ஒலிக்குறி: 30 நொடிகளுக்கு மிகாத ஒலிக்கோப்பாக அளிக்கப்பட வேண்டும். இந்தியாவின் முதல் ஒலிக்குறி 2008 இல் யாகூ நிறுவனத்தின் பெயரில் பதிவாயிற்று.
- கூட்டுக்குறி: ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள் அனைவரும் பயன்படுத்தும் குறி.
- சான்றுக்குறி: பொருளின் தரம், மூலப்பொருள், செய்முறை போன்றவற்றுக்குச் சான்றளிக்கும் குறி. கம்பளி ஆடைகளில் காணப்படும் உல்மார்க் இதற்கு எடுத்துக்காட்டு.

சட்டப்படி ஒரு குறி வரைவடிவில் காட்டப்படக் கூடியதாக இருத்தல் வேண்டும். இதனால் மணத்தைக் குறியாகப் பதிவு செய்வது நெடுங்காலம் இயலாததாகக் கருதப்பட்டது. 2025 நவம்பரில், சக்கர டயர்களுக்கு ஊட்டப்பட்ட உரோசா மலர் மணத்துக்காகச் சப்பானின் சுமிட்டோமோ இரப்பர் நிறுவனம் அளித்த விண்ணப்பத்தைப் பதிவகம் ஏற்று, இதழில் வெளியிட அனுமதித்தது குறிப்பிடத்தக்கது.

தனித்தன்மை

ஒரு குறி பதிவாகுமா என்பதை முடிவு செய்யும் முதன்மையான அளவுகோல் அதன் தனித்தன்மை ஆகும். தனித்தன்மையின் அடிப்படையில் சொற்களைப் பின்வருமாறு வரிசைப்படுத்துவர்:

1. புனைந்த சொல்: அகராதியில் இல்லாத, குறிக்கெனவே உருவாக்கப்பட்ட சொல். ஒளிப்படச் சுருளுக்குக் கோடாக் என்பது போன்றது. இதற்கே மிகுந்த பாதுகாப்பு உண்டு.
2. தொடர்பற்ற சொல்: வழக்கிலுள்ள சொல்லைத் தொடர்பே இல்லாத பொருளுக்கு இடுதல். கணினிக்கு ஆப்பிள் என்பது போன்றது.
3. உணர்த்தும் சொல்: பொருளின் தன்மையை நேராகக் கூறாமல் குறிப்பாக உணர்த்துவது.
4. விவரிக்கும் சொல்: பொருளின் வகை, தரம், அளவு, பயன், விளையும் இடம் ஆகியவற்றை நேரடியாகக் கூறுவது. நெய்க்குச் 'சுத்தமான நெய்' என்பது போன்றது. நீண்ட காலப் பயன்பாட்டால் ஒருவருடைய பொருளையே குறிப்பதாக மக்களிடம் நிலைபெற்றுவிட்டால் மட்டுமே இது பதிவாகும்.
5. பொதுப்பெயர்: பொருளின் பெயரே ஆகும். இது எந்நிலையிலும் பதிவாகாது.

புதிதாகத் தொழில் தொடங்குவோர் பலர், பெயரைக் கேட்டவுடனே பொருள் விளங்க வேண்டும் என்ற எண்ணத்தில் நான்காம் வகைச் சொற்களையே தேர்ந்தெடுக்கின்றனர். விளம்பரத்துக்கு எளிதாக இருப்பினும் இத்தகைய பெயரைப் பிறர் பயன்படுத்துவதைத் தடுப்பது கடினம். நூடுல்சு வகை ஒன்றுக்குத் தான் பயன்படுத்திய 'மேசிக் மசாலா' என்ற சொற்களைப் போல 'மேசிக்கல் மசாலா' என நெசுலே நிறுவனம் பயன்படுத்துவதாக ஐ.டி.சி. நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 இல் தள்ளுபடி செய்தது. அவை பொருளைப் புகழ்ந்துரைக்கும், வணிகத்தில் பொதுவாக வழங்கும் சொற்கள் என்பதால் எவரும் அவற்றுக்குத் தனியுரிமை கோர இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

தனித்தன்மை உள்ள பெயரும் காலப்போக்கில் பொதுப்பெயராகிவிடக் கூடும். ஆசுபிரின், எசுகலேட்டர் ஆகியவை அமெரிக்காவில் இவ்வாறு உரிமையை இழந்தன. தமிழ்நாட்டில் ஒளிநகல் எடுப்பதையே செராக்சு எடுத்தல் எனக் கூறும் வழக்கு உள்ளது. எனினும் இந்தியாவில் இச்சொல் பொதுப்பெயராகிவிட்டது என்ற வாதத்தை மேல்முறையீட்டு வாரியம் 2012 இல் ஏற்கவில்லை.

பதிவு மறுக்கப்படும் காரணங்கள்

முழுமையான காரணங்கள்

சட்டத்தின் 9 ஆம் பிரிவின்படி பின்வரும் குறிகள் பதிவு செய்யப்படுவதில்லை:

- தனித்தன்மை அற்றவை, பொருளை விவரிப்பவை, வணிகத்தில் வழக்கமாகிவிட்டவை
- மக்களை ஏமாற்றுபவை அல்லது குழப்பம் உண்டாக்குபவை
- எந்தவொரு பிரிவு மக்களின் சமய உணர்வையும் புண்படுத்துபவை
- இழிவான அல்லது ஆபாசமானவை
- 1950 ஆம் ஆண்டின் சின்னங்கள் மற்றும் பெயர்கள் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை

இவை தவிர, வேதித் தனிமங்களின் பெயர்களும் உலக நலவாழ்வு அமைப்பு அறிவித்த மருந்துப் பொதுப்பெயர்களும் 13 ஆம் பிரிவின்படி பதிவாக மாட்டா. சமய நூலின் பெயரை ஒருவர் தனியுரிமையாக்கிக் கொள்ள முடியாது என, ஊதுவத்திக்கு 'இராமாயண்' எனப் பெயரிட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 இல் தீர்ப்பளித்தது.

ஒப்பீட்டுக் காரணங்கள்

11 ஆம் பிரிவின்படி, முன்னரே பதிவான அல்லது விண்ணப்பிக்கப்பட்ட குறியை ஒத்து, அதே வகையான பொருளுக்குப் பயன்படுவதால் குழப்பம் நேரக் கூடுமாயின் பதிவு மறுக்கப்படும். எழுத்து, தோற்றம், ஒலிப்பு, பொருள் ஆகிய அனைத்தும் ஒப்பிட்டுப் பார்க்கப்படும். இரு குறிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவரின் நிலையிலிருந்து இவ்வொப்பீடு செய்யப்படுவதில்லை. சராசரி அறிவும் முழுமையற்ற நினைவும் உடைய வாங்குபவர் குழம்புவாரா என்பதே கேள்வி. பரவலாக அறியப்பட்ட குறியாயின், தொடர்பற்ற பொருளுக்கும் அதனைப் பிறர் பதிவு செய்வது தடுக்கப்படலாம்.

பொருள் வகுப்புகள்

பதிவு எப்போதும் குறிப்பிட்ட பொருள் அல்லது சேவை வகுப்புக்கே செய்யப்படுகிறது. நீசு வகைப்பாடு எனப்படும் பன்னாட்டு முறைப்படி மொத்தம் 45 வகுப்புகள் உள்ளன. 1 முதல் 34 வரை பொருள்களும் 35 முதல் 45 வரை சேவைகளும் அடங்கும். சிறுதொழில்களில் அடிக்கடி பயன்படும் சில வகுப்புகள் வருமாறு:

- வகுப்பு 3: சோப்பு, அழகுப் பொருள்கள்
- வகுப்பு 5: மருந்துகள்
- வகுப்பு 9: கணினி மென்பொருள், மின்னணுக் கருவிகள்
- வகுப்பு 14: நகைகள்
- வகுப்பு 25: ஆடைகள், காலணிகள்
- வகுப்பு 29: பால் பொருள்கள், சமையல் எண்ணெய், இறைச்சி
- வகுப்பு 30: காப்பி, தேயிலை, அரிசி, மாவு, மசாலா, இனிப்புகள்
- வகுப்பு 35: விளம்பரம், சில்லறை விற்பனைச் சேவை
- வகுப்பு 43: உணவகம், தங்கும் விடுதி

வகுப்பைத் தவறாகக் குறிப்பிட்டால் செய்த பதிவு உரிய பாதுகாப்பைத் தராது. எடுத்துக்காட்டாக, உணவகம் நடத்துபவர் தம் பெயரில் பொடி வகைகளையும் அடைத்து விற்பாராயின் 43, 30 ஆகிய இரு வகுப்புகளிலும் பதிவு தேவைப்படும்.

பதிவு செய்யும் முறை

1. தேடல்

விண்ணப்பிக்கும் முன் பதிவகத்தின் இணையத்தளத்தில் உள்ள பொதுத் தேடலில் அதே பெயரோ ஒத்த பெயரோ உள்ளதா எனப் பார்க்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை. எழுத்துவழித் தேடலோடு ஒலிப்புவழித் தேடலும் செய்தல் நன்று. தமிழ்ப் பெயர்களை உரோமன் எழுத்தில் பலவாறு எழுத முடியும் என்பதால் ஒவ்வோர் எழுத்துக்கூட்டலையும் தேடிப் பார்க்க வேண்டும். பதிவு செய்யாமல் சந்தையில் வழங்கும் பெயர்கள் இத்தேடலில் வரமாட்டா. எனவே கடைத்தெரு, இணையம் ஆகியவற்றிலும் விசாரித்துக் கொள்வது பாதுகாப்பானது.

2. விண்ணப்பம்

விண்ணப்பம் டிஎம்-ஏ என்னும் படிவத்தில் இணையம் வழியாகவோ நேரிலோ அளிக்கப்படுகிறது. விண்ணப்பதாரரின் பெயர், முகவரி, குறியின் படிவம், வகுப்பு, பொருள்களின் விவரம், குறி பயன்பாட்டிலுள்ள நாள் ஆகியவை அதில் குறிப்பிடப்படும். உரிமையாளரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். வழக்கறிஞர் அல்லது பதிவு பெற்ற வணிகக்குறி முகவர் வழியாகவும் அளிக்கலாம்.

விண்ணப்ப நாளுக்கு முன்பிருந்தே குறி பயன்பாட்டில் இருப்பதாகக் கூறினால், உறுதிமொழிப் பத்திரமும் அதற்கான சான்றுகளும் இணைக்கப்பட வேண்டும். பழைய விலைப்பட்டியல், பற்றுச்சீட்டு, விளம்பரம், உரிமம் போன்றவை சான்றுகளாகும். குறி தமிழ் போன்ற மொழிகளின் எழுத்தில் இருந்தால் ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் தரப்பட வேண்டும்.

2017 ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு வகுப்புக்கான கட்டணம் வருமாறு:

- தனிநபர், தொடக்க நிறுவனம், சிறுநிறுவனம்: இணையம் வழியாக 4,500 ரூபாய், நேரில் 5,000 ரூபாய்
- பிறர்: இணையம் வழியாக 9,000 ரூபாய், நேரில் 10,000 ரூபாய்

3. ஆய்வு

பதிவக அலுவலர் விண்ணப்பத்தை ஆய்ந்து அறிக்கை அளிப்பார். 9, 11 ஆம் பிரிவுகளின்படி ஆட்சேபம் எழுப்பப்பட்டால், அறிக்கை கிடைத்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் மறுமொழி அளிக்க வேண்டும். இக்கெடுவைத் தவறவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படலாம். அறிக்கை மின்னஞ்சலுக்கு அனுப்பப்படுவதால், விண்ணப்பத்தில் கொடுக்கும் மின்னஞ்சல் முகவரி தொடர்ந்து பார்க்கப்படுவதாக இருத்தல் அவசியம். மறுமொழி நிறைவளிக்காதபோது நேர்விசாரணை நடைபெறும்.

4. இதழில் வெளியீடு

ஏற்கப்பட்ட விண்ணப்பம், வாரந்தோறும் இணையத்தில் வெளிவரும் வணிகக்குறி இதழில் வெளியிடப்படும்.

5. எதிர்ப்பு

வெளியான நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். எதிர்ப்பு அறிவிப்பு கிடைத்த 2 மாதங்களுக்குள் விண்ணப்பதாரர் எதிருரை அளிக்காவிடில் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். எதிருரை அளிக்கப்பட்டால், இரு தரப்பும் உறுதிமொழிப் பத்திரங்களாகச் சான்றுகளைத் தாக்கல் செய்தபின் விசாரணை நடைபெறும். எதிர்ப்பு எழுந்த விண்ணப்பங்கள் முடிவடையப் பல ஆண்டுகள் ஆவதும் உண்டு.

6. பதிவுச் சான்றிதழ்

எதிர்ப்பு இல்லாவிடினும், எதிர்ப்பு விண்ணப்பதாரருக்குச் சாதகமாக முடிந்தாலும் சான்றிதழ் வழங்கப்படும். உரிமை, சான்றிதழ் பெற்ற நாளிலிருந்து அன்றி விண்ணப்பித்த நாளிலிருந்தே தொடங்குகிறது.

பதிவின் காலமும் புதுப்பித்தலும்

பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஒவ்வொரு 10 ஆண்டுக்கும் புதுப்பித்து, எல்லையின்றி நீட்டித்துக் கொள்ளலாம். காப்புரிமமும் பதிப்புரிமையும் ஒரு காலத்தில் முடிந்துவிடும் என்பதோடு ஒப்பிட இது வணிகக்குறியின் தனிச்சிறப்பாகும். புதுப்பிக்க ஒரு வகுப்புக்கு இணையம் வழியாக 9,000 ரூபாய் கட்டணம். காலம் முடிந்தபின் 6 மாதங்கள் வரை கூடுதல் கட்டணத்துடன் புதுப்பிக்கலாம். அதுவும் தவறினால் காலம் முடிந்த ஓராண்டுக்குள் மீட்டெடுக்க விண்ணப்பிக்கலாம்.

பதிவு செய்த குறியைத் தொடர்ந்து 5 ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டுவிட்டால், பாதிக்கப்பட்டவர் எவரும் அதனை நீக்குமாறு கோரலாம். பிறர் பயன்படுத்தாதபடி பெயர்களைப் பதிந்து முடக்கி வைப்பதைத் தடுப்பதே இதன் நோக்கமாகும்.

குறியீட்டு எழுத்துகள்

விண்ணப்பித்த அல்லது பயன்படுத்தும் குறியின் அருகே டி.எம். என்ற எழுத்துகளை எவரும் இடலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்து பொறித்த அடையாளத்தைப் பதிவு நிறைவடைந்த பின்னரே பயன்படுத்த வேண்டும். பதிவாகாத குறியைப் பதிவானதாகக் காட்டுவது 107 ஆம் பிரிவின்படி குற்றமாக இருந்தது. 2023 ஆம் ஆண்டின் சன் விசுவாசு சட்டம் இதற்கான சிறைத்தண்டனையை நீக்கிப் பணத்தண்டமாக மாற்றியது.

மீறலும் பரிகாரங்களும்

பதிவான குறியையோ குழப்பம் தரும் அளவுக்கு அதனை ஒத்த குறியையோ உரிமையாளரின் இசைவின்றி வணிகத்தில் பயன்படுத்துவது மீறல் ஆகும். உரிமையாளர் தாம் வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் இடத்திலுள்ள மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம். தடையாணை, இழப்பீடு அல்லது ஈட்டிய இலாபத்தின் கணக்கு, போலிச் சிட்டைகளையும் பொதிகளையும் ஒப்படைத்தல் அல்லது அழித்தல் ஆகிய பரிகாரங்கள் கிடைக்கும்.

போலிக் குறி இடுவது குற்றமும் ஆகும். இதற்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கப்படலாம். துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அலுவலர், பதிவாளரின் கருத்தைப் பெற்றபின் பிடியாணையின்றிச் சோதனையிட்டுப் பொருள்களைக் கைப்பற்றலாம்.

பதிவு செய்யாத குறியின் பாதுகாப்பு

பதிவு செய்யாத குறியின் உரிமையாளர் மீறல் வழக்குத் தொடர இயலாது. ஆனால் தம் பொருளைப் பிறர் பொருளெனக் காட்டி ஒருவர் விற்பதற்கு எதிராக அவர் வழக்குத் தொடரலாம். நீதிமன்ற வழக்கில் இது பாசிங் ஆஃப் எனப்படுகிறது. இதில் வாதி மூன்றை நிறுவ வேண்டும்: தம் குறிக்கு நற்பெயர் உள்ளது; எதிரி மக்களைக் குழப்பும் வகையில் நடந்துள்ளார்; அதனால் தமக்கு இழப்பு நேர்ந்துள்ளது அல்லது நேரக் கூடும். பதிவு பெற்றவர் சான்றிதழைக் காட்டினால் போதுமான இடத்தில், இவர் பல ஆண்டுக் கணக்குகளையும் விளம்பரங்களையும் சாட்சிகளையும் கொண்டுவர வேண்டியிருக்கும்.

சட்டத்தின் 34 ஆம் பிரிவு, பதிவுக்கு முன்பிருந்தே தொடர்ந்து ஒரு குறியைப் பயன்படுத்தி வருபவரைப் பதிவு பெற்றவர் தடுக்க முடியாது என்கிறது. இந்தியச் சட்டத்தில் முதலில் பதிந்தவரை விட முதலில் பயன்படுத்தியவருக்கே மேலான உரிமை உண்டு என்பது இதன் பொருள்.

குறிப்பிடத்தக்க வழக்குகள்

இருட்டுக்கடை அல்வா வழக்கு (2015)

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே மங்கலான விளக்கொளியில் இயங்கி வந்த அல்வாக் கடையை மக்கள் 'இருட்டுக்கடை' என அழைத்தனர். உரிமையாளர் இட்ட பெயராக அன்றி, வாங்குபவர் வழங்கிய பெயரே நாளடைவில் கடையின் அடையாளமாயிற்று. பின்னர் மற்றொருவர் 'திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா' என்ற பெயரைப் பயன்படுத்தத் தொடங்கி, அதற்குப் பதிவும் பெற்றார். இரு தரப்பும் பதிவு பெற்றிருந்ததால், ஒருவரை மற்றொருவர் தடுக்க இயலுமா என்ற கேள்வி எழுந்தது. பதிவு பெற்றவருக்கு எதிராகவும் முன்பயனர் பாசிங் ஆஃப் வழக்குத் தொடரலாம் என்றும், முன்பயனரின் உரிமை பதிவு பெற்றவரின் உரிமையை விட மேலானது என்றும் கூறி, பிற்பயனரின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. முன்பயனர் உரிமை குறித்து அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் தீர்ப்புகளுள் இதுவும் ஒன்றாகும்.

அமிர்தாரா வழக்கு (1962)

'அமிர்தாரா', 'இலட்சுமண்தாரா' ஆகிய மருந்துப் பெயர்களைப் பற்றியது. சொற்களைக் கூறுகளாகப் பிரித்துப் பொருள் ஆராயாமல், சாதாரண வாங்குபவரின் செவியில் விழும் முழு ஒலியையே பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் கூறியது.

காடிலா வழக்கு (2001)

மூளை மலேரியாவுக்கான 'ஃபால்சிகோ', 'ஃபால்சிட்டாப்' என்ற இரு மருந்துகளின் பெயர் ஒற்றுமை பற்றியது. இரண்டின் மூலப்பொருள்களும் வேறுபட்டவை. மருந்தில் பெயர்க் குழப்பம் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் மற்றப் பொருள்களை விடக் கடுமையான அளவுகோல் வேண்டும் என உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. பல மொழிகள் வழங்குவதும் எழுத்தறியாதோர் பலர் வாழ்வதுமான நாட்டில், மருத்துவர் சீட்டின்படியே மருந்து விற்கப்படுவதால் குழப்பம் நேராது என்ற வாதத்தை அது ஏற்கவில்லை.

சத்யம் இன்ஃபோவே வழக்கு (2004)

இணையத்தள முகவரிப் பெயருக்கும் வணிகக்குறிக்குரிய பாதுகாப்பு உண்டு என்பது இதில் தீர்மானிக்கப்பட்டது.

பிற பதிவுகளுடன் வேறுபாடு

பின்வரும் பதிவுகள் எவையும் வணிகக்குறிப் பதிவுக்கு ஈடாக மாட்டா:

- நிறுவனப் பெயர்ப் பதிவு: நிறுவனச் சட்டத்தின் கீழ் ஒரு பெயர் அனுமதிக்கப்பட்டதால் மட்டும் அதனைப் பொருளின் மீது இடும் தனியுரிமை கிடைக்காது.
- சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு, உணவுப் பாதுகாப்பு உரிமம்: இவை பெயருரிமை தருவன அல்ல. ஆயினும் பயன்பாட்டுக் காலத்தை நிறுவச் சான்றாக உதவும்.
- இணையத்தள முகவரிப் பதிவு: முகவரியைப் பயன்படுத்தும் ஒப்பந்தமே ஆகும்.
- புவிசார் குறியீடு: ஓர் ஊர் அல்லது வட்டாரத்தின் உற்பத்தியாளர் அனைவருக்கும் உரியது. தனியொருவரின் உடைமை அன்று. காஞ்சிபுரம் பட்டு, பழனி பஞ்சாமிர்தம், திருவில்லிபுத்தூர் பால்கோவா ஆகியவை இவ்வகையில் பதிவானவை. நாடு முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னையில் உள்ளது.

வெளிநாடுகளில் பாதுகாப்பு

வணிகக்குறி உரிமை நாட்டெல்லைக்கு உட்பட்டது. இந்தியாவில் பெற்ற பதிவு வெளிநாட்டில் செல்லாது. இந்தியா 1998 இல் பாரிசு உடன்படிக்கையில் இணைந்ததால், இங்கு விண்ணப்பித்த 6 மாதங்களுக்குள் மற்றோர் உறுப்பு நாட்டில் விண்ணப்பித்தால் முதல் விண்ணப்ப நாளையே முன்னுரிமை நாளாகக் கோரலாம். 2013 சூலை 8 முதல் மாட்ரிட் நெறிமுறை இந்தியாவில் நடைமுறையில் உள்ளது. இதன்படி இந்தியப் பதிவகம் வழியாக ஒரே விண்ணப்பத்தில் சிங்கப்பூர், மலேசியா உள்ளிட்ட பல உறுப்பு நாடுகளைக் குறிப்பிடலாம். ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி ஆய்ந்து முடிவெடுக்கும். முதல் 5 ஆண்டுகளுக்குள் இந்தியாவிலுள்ள அடிப்படை விண்ணப்பமோ பதிவோ செல்லாமற் போனால் பன்னாட்டுப் பதிவும் செல்லாமற் போகும். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டம் வணிகக்குறிகளை ஒழுங்குபடுத்துகிறது.

இவற்றையும் பார்க்க

- அறிவுசார் சொத்துரிமை
- காப்புரிமம்
- பதிப்புரிமை
- புவிசார் குறியீடு
- நீசு வகைப்பாடு
- மாட்ரிட் நெறிமுறை